இறகு அட்டை

"ஒரு உசுருக்கு ஆறு ரூபாங்க ஐயா. அதுக்கு மேல கம்பெனிக்காரன் தர மாட்டான்" என்றாள் லில்லி.

"ஏழு பண்ணச் சொல்லேன்" என்றார் சாமிநாதன்.

நெல் வியாபாரிகளிடம் காலமெல்லாம் பேரம் பேசிய வாய். கூலிக்கு வந்து நின்ற இடத்திலும் அதற்கு வேறு பேச்சு வரவில்லை.

லில்லி சிரித்தாள். "மொதல்ல ஒண்ணு உருப்படியா கட்டுங்க. அப்பால ரேட்டு பேசலாம். இந்த எடத்துல குந்துங்க, காலைல கட்டறவங்க போயிட்டாங்க."

பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். லில்லி வீட்டு முன்னறையில் மேசை விளிம்போடு இரண்டு சின்ன இடுக்கிகள் திருகி வைக்கப்பட்டிருந்தன. இடுக்கியில் தூண்டில் முள்ளைப் பிடிக்கவைத்து, கறுப்புச் சாயம் போட்ட வான்கோழிப் பூஞ்சிறகை நூலால் சுற்றிக் கட்டினால் அது அட்டைப்பூச்சி. குளிர்தேசத்து ஏரிகளில் இருக்கும் டிரவுட் என்ற மீன் இதை அசல் அட்டை என்று நம்பிக் கவ்வுமாம். செத்த முள்ளுக்கு உயிர் கொடுப்பதுதான் வேலை. அந்த உயிரின் விலைதான் ஆறு ரூபாய்.

சாமிநாதனின் கண் முள்ளில் இல்லை, வாசலில் இருந்தது. நெல் கழனியையும் கரும்புக் கொல்லையையும் விற்று, பங்காளியை நம்பி மனை வியாபாரத்தில் போட்டு, பங்காளியும் பணமும் ஜோடியாகக் காணாமல் போன கதை ஊருக்கே தெரியும். கையிருப்பும் கரைந்து, இன்று லில்லியிடம் வேலை கேட்டு வந்திருப்பதுதான் தெரியாது. ஊருக்குத் தெரிந்தாலும் எப்படியோ தாங்கிக்கொள்வார். மனைவி விருத்தாம்பாளுக்குத் தெரிந்தால் அதோடு சரி. 'என் பெண்டாட்டிக்கு ஒரு குறை வைக்க மாட்டேன்' என்று சபையில் சொல்லிச் சொல்லித்தான் அவர் மீசை அந்த முறுக்கு முறுக்கியிருந்தது.

"வூட்ல அவளுக்கு மட்டும் தெரியாம பாத்துக்கம்மா. பேங்க்குக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எங்கிட்டேர்ந்து போவாதுங்க. அதான் காலைல வேணாம், பன்னெண்டுக்கு மேல வாங்கன்னேன்."

உச்சி வெயிலில் தெருவில் நாய்கூட நடமாடாது. தன் மானத்துக்காக இவள் நேரம்கூடப் பார்த்துச் சொல்லியிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

இவளுடைய அம்மா காசம்மாள் அவர் கழனியில் நாற்று நட்டவள். காசம்மாளுக்குக் காபி என்றால் தோட்டத்துப் பக்கம், தனிக் குவளையில். மகளோ வீட்டிலேயே நல்ல கோப்பையாகப் பார்த்து டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். தலையை நிமிர்த்தாமலே குடித்து முடித்தார்.

வேர்த்துக் கொட்டியது. ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"ஃபேன் வேணாங்க. போட்டா அவ்ளோ எறகும் கடலூர் போய்ச் சேந்துடும். விரல்ல எச்சில் தொட்டு நனைச்சுக்கங்க, அடங்கி நிக்கும்."

"எச்சிலா?"

"எச்சில் பாத்தா இந்த வேல ஆவாதுங்க ஐயா."

அவர் எச்சில் தொட்டார். இறகை முள்ளோடு சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றினார். முதல் அட்டை கையை எடுத்ததும் அவிழ்ந்தது. இரண்டாவதற்கு வால் நீண்டுவிட, கத்திரியை எடுத்தார்.

"கத்திரி வைக்காதீங்க. நுனி மொட்டையாப் போனா தண்ணில ஆடாது. நகத்தால கிள்ளுங்க."

கிள்ளியதில் பாதி வால் கையோடு வந்தது. மிச்சத்தை லில்லி தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தாள். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இது செத்துப் போன அட்டைங்க."

"உசுரு அட்டை எப்படி ஆடும்னு நீ மட்டும் கண்டியா?"

"எங்கம்மா காலுல தெனமும் பாத்தேங்க. வரப்பு மேல நின்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் அடுத்த முள்ளை இடுக்கியில் பொருத்துவதில் மும்முரமானார்.

மூன்றாவது ஆடியது. டம்ளருக்குள் கறுப்பாக நெளிந்து, சுருங்கி, நீண்டது. சாமிநாதன் தன்னை மறந்து, "பாரு, எப்படி நீந்துது பாரு" என்றார். நடவு முடிந்த கழனியைப் பார்க்கிற முகம் ஒரு நொடி திரும்பி வந்தது.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

"கலைச்செல்வனுங்க. சரக்கு எடுத்துட்டுப் போற ஏஜென்ட்டு. இன்னிக்கு வருவான்னு நெனைக்கல."

"ஐயோ, அவனுக்கு என்னைத் தெரியுமேம்மா" என்றவர், காசம்மாள் மகளின் அடுப்படிக்குள் புகுந்து, கேஸ் சிலிண்டர் ஓரமாக மூச்சை அடக்கி ஒண்டிக்கொண்டார்.

"இன்னாக்கா, எல்லாம் ரெடியா?" வந்தவன் உட்கார்ந்து, கட்டி முடித்த அட்டைகள் இருந்த இரண்டு டப்பாக்களையும் திறந்தான். "இது உன்னுது. சூப்பர். இது அந்த அம்மாவோடதா? ஒண்ணுகூட கழிக்கத் தேவையில்ல. பழகி மூணு மாசத்துல இன்னா கை வந்துடுச்சு பாரேன்."

"சரி சரி, காசைக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றாள் லில்லி அவசரமாக.

"இன்னாத்துக்கு வெரட்டற? இங்க யாரு கேக்கறா?"

"மெதுவாப் பேசுப்பா."

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் தெனம் இங்க வருதாமே? 'வூட்டுக்காரரு கௌரவம் பாக்கறவரு, தெரிஞ்சா உசுரை வுட்டுடுவாரு'ன்னு எங்கிட்ட கையெடுத்துக் கும்புட்டுச்சுக்கா, விருத்தாம்பாள் அம்மா" என்றபடி கலைச்செல்வன் நோட்டுகளை மேசைமேல் வைத்தான். "இந்தா, எரநூறு அட்டைக்கு ஆயிரத்து எரநூறு. அரிசி வாங்கக் குடுத்த அட்வான்ஸ் எண்ணூறு போவ, பாக்கி நானூறு. அவங்க கணக்கு நேராயிடுச்சு."