திங்கட்கிழமை திறக்கலாம்

பள்ளிக்கூடத்தை எப்போது திறப்பது என்று பேச வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போகப் பயந்து வெளியே வளவில் நின்றார்கள். ஆளுக்கு ஆள் இரண்டு முழம் தள்ளி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, கார்த்திகை மாதம். ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டுபோன அந்த விஷக்காய்ச்சல் மன்னாருக்கு வந்து இரண்டு மாதம். பள்ளியைப் பூட்டி ஏழு வாரம்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சிங்கராசா, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தை உரக்க வாசித்தார். பத்து நாட்களாகப் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வராத இடத்தில் பள்ளியைத் திறக்கலாம். தெருவுக்கு ஒருவர் அதைச் சொல்லிக் கையொப்பம் வைக்க வேண்டும்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்றார் ஒருவர். தை பிறக்கட்டும் என்றார் இன்னொருவர்.

யோசேப் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. பள்ளியைப் பூட்டியதால் பிள்ளைகள் வீட்டுக்குள்ளா இருக்கிறார்கள் என்று கேட்டார். கிணற்றடியில் நிற்கிறார்கள். சந்தையில் திரிகிறார்கள். தகப்பனின் குழிக்கு மண் தள்ளிய இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"வாங்கில தள்ளித் தள்ளி இருத்துவன். யன்னல் எல்லாத்தையும் திறந்து விடுவன். இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

ஒவ்வொரு தெருக்காரராக முன்வந்து, புதிதாகக் காய்ச்சல் உண்டா என்று சொன்னார்கள். இல்லை. இல்லை. எங்களிடமும் இல்லை.

கடைசியாக உப்புக்குளம். அந்தத் தெருவுக்குக் கருவாட்டு வியாபாரி காமில் வந்திருந்தார். அங்கிருந்து பள்ளிக்கு வந்த ஒரே பெண்பிள்ளை அவருடைய மகள் பாத்தும்மா. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்களோடெல்லாம் சண்டை பிடித்து அனுப்பியவர். வாத்தியார் அவரைத்தான் நம்பியிருந்தார்.

"இன்னும் ரெண்டு கிழமை பொறுத்தா என்ன?" என்றார் காமில்.

வாத்தியாரின் முகம் விழுந்துவிட்டது. "நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி?"

விதானையார் கடதாசியிலிருந்து நிமிர்ந்தார். "ஏன், உங்கட தெருவில ஆருக்கும் காய்ச்சலோ?"

வளவில் நின்ற எல்லாரும் காமிலைப் பார்த்தார்கள்.

காய்ச்சல்காரரைக் கடற்கரையில் போட்ட ஓலைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கட்டளை. விதானையார் ஒரு சொல் சொன்னால் போதும், அன்றைக்கே மாட்டுவண்டி வாசலுக்கு வரும். கூட யாரையும் விட மாட்டார்கள். கொட்டகைக்குப் போன இருபத்திரண்டு பேரில் நடந்து திரும்பியவர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் ஒருவரும் பிள்ளை இல்லை.

"இல்லை," என்றார் காமில். "எங்கட தெருவில ஒருத்தருக்கும் இல்லை."

"அல்லா அறியச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார் விதானையார்.

காமில் விதானையாரின் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"அல்லா அறிவான்," என்றார்.

அது போதுமாக இருந்தது. அவர் கையொப்பம் வைத்ததும் விதானையார் கடிதத்தை மடித்தார். திங்கட்கிழமை திறக்கலாம். வாத்தியார் காமிலின் கையைப் பிடிக்க ஓரடி வந்து, நினைவு வந்தவராகப் பின்வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காமில் வீட்டுக்கு வந்தபோது உள்ளே உரல் சத்தம் கேட்டது. மனைவி சரீபா இடித்துக்கொண்டிருந்தாள். உரலுக்குள் ஒன்றும் இல்லை.

அறைக்குள்ளே காய்ச்சலோடு பாயில் கிடந்த மூன்று வயது மகனுக்கு இருமல் வரும்போதெல்லாம் அவள் அப்படித்தான் வெறும் உரலை இடித்தாள். இது நான்காவது நாள்.

"என்னண்டு முடிவாச்சு?"

"திங்கள் திறக்கினம்."

சரீபா உலக்கையைக் கீழே வைத்தாள். "பாத்தும்மாவை அனுப்ப வேணாம். தம்பியோட ஒரே பாயில கிடந்தவள்."

"நேற்றும் அவளைக் கிணற்றடியில எல்லாரும் கண்டவை. அனுப்பாட்டி வாத்தியார் தேடி வருவார். அவருக்குப் பின்னால வண்டி வரும்."

உள்ளே பிள்ளை மறுபடியும் இருமினான். சரீபா உலக்கையை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. காமில் மகளைக் கையில் பிடித்துத் தெரு வழியே நடத்திக்கொண்டு போனார். பாத்தும்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். குளிர்ந்த மழையிலும் அவளுடைய கை சுட்டது. காமில் பிடியைத் தளர்த்திப் பார்த்தார். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முதலாவதாக வந்த பிள்ளை என்று பாத்தும்மாவை முன் வாங்கில் இருத்தினார்.

காமில் திரும்பி வளவின் வாசல் படலைக்கு வந்தபோது, றோசம்மா தன் மகளோடு எதிரே வந்தாள். வலை பின்னிப் பிழைப்பவள். புருசனையும் மூத்த இரண்டு பிள்ளைகளையும் ஐப்பசி மாதத்தில் ஒரே வாரத்தில் புதைத்தவள்.

"நத்தார் முடியத்தான் இவளை அனுப்ப இருந்தனான், காமில் நானா," என்றாள். "நீங்கள் உங்கட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதைக் கண்டாப் பிறகுதான் எனக்குப் பயம் விட்டது."

காமில் வாயைத் திறந்தார்.

அதற்குள் அந்தப் பிள்ளை தாயின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடியது. ஏழு வாரமாகக் காணாத சிநேகிதி பாத்தும்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளோடு ஒட்டி உட்கார்ந்தது.