புகார் கொடுத்தவர்

“அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் இன்னிக்கு பஸ் ஏறணும்” என்றான் தம்பி. அவன் தள்ளிய வேகத்தில் சக்கர நாற்காலி ஒரு கல்லில் இடித்துக் குலுங்கியது.

“மெதுவாடா” என்றாள் நாற்காலியில் இருந்த அக்கா. “நான் என்ன சிமெண்ட் மூட்டையா?”

“சாரிக்கா. கோபத்துல கண்ணு தெரியல.”

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாற்காலியோடு பின்பக்கமாக ஏறி, அவளே ஓட்டிக்கொண்டு போகக்கூடிய மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்க, இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் தொடங்கியிருந்தான் தம்பி. ஐந்து மாதமாகத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கையேந்தி, முக்கால்வாசிப் பணம் சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் புகார் அனுப்ப, பக்கத்தை முடக்கிவிட்டார்கள். நாளை மாலைக்குள் புகார் திரும்பப் பெறப்படாவிட்டால், பணம் எல்லாம் கொடுத்தவர்களுக்கே போய்விடும்.

“என்ன எழுதியிருக்கான் கேளு” என்று நாற்காலியை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தான்.

“அதான் நேத்து போன்லயே படிச்சியே.”

“இன்னொரு தடவை கேளு. ‘அந்தப் பெண்ணுக்கு வண்டி அவசியமில்லை. ஞாயிறுதோறும் வெளியே போய்த்தான் வருகிறார். காலை ஆறு மணிக்கே உடுத்தித் தயாராக உட்கார்ந்துவிடுகிறார். பத்து மணிக்குத் தம்பி வந்து அழைத்துப் போகிறார். அதுவே போதும்.’ பாத்தியா? உளவுத்துறையில இருக்க வேண்டிய ஆளு, மருந்துக்கடை வெச்சிருக்காரு!”

“அவர்தான்னு எப்படிச் சொல்ற?”

“வேற யாரு? கடையில உக்காந்தா உன் வீட்டு வாசல் நேரா தெரியும். போன மாசம் என்கிட்டயே கேட்டாரு, ‘வாராவாரம் நீதான் கூட்டிட்டுப் போறியே, எதுக்கு வண்டி’ன்னு.”

“சும்மா கேட்டிருப்பாரு. விடுடா.”

“நீ இப்படி எல்லாரையும் விட்டுட்டே இரு.”

மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளை வீட்டில் தனியாக இருந்து கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வாரத்தில் ஆறு நாள் காது நிறையக் குரல்கள். அவற்றில் ஒன்றுகூட அவளோடு பேசுவதில்லை.

தம்பி இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், மனைவி குழந்தையோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அவளோடு பஸ் ஏறிப் பூங்காவுக்குப் போய், ஆளுக்கொரு டீ குடித்து, சண்டை போட்டு, சிரித்துவிட்டு, நான்கு மணிக்கு அவளை வீட்டில் விட்டுப் போவான்.

மருந்துக்கடை வாசலில் நாற்காலி நின்றது. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“வாப்பா, உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்” என்று கடைக்காரர் முந்திக்கொண்டார். “உங்க பக்கம் என்னாச்சு? ரெண்டு நாளா பணம் போட்டா போக மாட்டேங்குது.”

“நீங்க... பணம் போடுறீங்களா?”

“முதல் மாசமே போட்டேனே. பேரு போடல. நாலு பேருக்குத் தெரியணுமா என்ன? இப்ப மாப்பிள்ளையும் கொஞ்சம் குடுத்தாரு, அதையும் போட்டுடலாம்னு பாத்தேன்.”

தம்பி மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டான். “ஏதோ கோளாறு சார். சரி பண்ணிடுவாங்க.”

கடைக்காரர் குனிந்து அக்காவைப் பார்த்தார். “வண்டி வந்ததும் முதல்ல நம்ம கடைக்குத்தான் வரணும். சரியாம்மா?”

அவள் கண்ணாடி அலமாரியில் இருந்த இருமல் மருந்துகளைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

தம்பி நாற்காலியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான். பிறகு, “நல்ல வேளை, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் திறந்தாரு” என்றான். “இல்லாட்டி மானம் கப்பலேறியிருக்கும்.”

“நான்தான் சொன்னேனே, அவர் இல்லைன்னு.”

“அப்ப யாருக்கா? உன் மேல யாருக்கு என்ன பகை?”

பேருந்து நிறுத்தம் வந்துவிட்டது. அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

“வண்டி மட்டும் வரட்டும். நினைச்ச நேரம் கிளம்பலாம், நினைச்ச இடத்துக்குப் போகலாம். ஒருத்தனுக்காகவும் நீ காத்திருக்க வேண்டாம்” என்றான். “என் முதுகும் பிழைச்சுக்கும்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

பேருந்து வந்தது. நடத்துநருக்கு இவர்களைப் பழக்கம்; இறங்கி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இதை நான் மடிச்சு ஏத்திக்கிறேன். நீங்க அவங்களை ஏத்துங்க. சீக்கிரம் சார், பின்னாடி வண்டி நிக்குது.”

தம்பி குத்துக்காலிட்டு முதுகைக் காட்டினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து எழுந்து, முதல் படியில் கால் வைத்தான்.

“எனக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சா போதும்” என்றான் மூச்சு வாங்க. “சண்டைகூடப் போட மாட்டேன். கால்ல விழுந்தாவது வாபஸ் வாங்க வெச்சுடுவேன்.”

இரண்டாவது படியில் அவள் கைகள் இறுகின. அவன் காதருகே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“வண்டி வந்துட்டா நீ வரமாட்டியேடா.”