வெயிலுக்கு ஒரு மறைப்பு

என் மனைவி ஜுனைதா வெயிலில் உட்காருவதற்காக, முற்றத்தைச் சுற்றி இன்னொரு வேலி அடைக்கச் சொன்னார் என் மாமி சல்மா உம்மா.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பாயை விட்டு எழும்ப இடுப்பு விடவில்லை. உடம்பில் விற்றமின் டி காணாது, இப்படியே விட்டால் வயிற்றுப் பிள்ளையின் எலும்புக்கும் கூடாது என்றார் டொக்டர். குளிகை கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். வெயில்தான் கல்முனையில் தாராளமாக இருக்கிறதே என்று சிரித்தார்.

இருந்தது. தெருவில், சந்தையில், கடற்கரையில், ஆண்கள் நடமாடும் இடமெல்லாம் இருந்தது.

ஆளுயரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு அடைத்தேன். நடுவில் அவள் உட்கார ஒரு கதிரை போட்டேன்.

முதல் நாள் ஜுனைதா முக்காட்டைத் தளர்த்தவும் பக்கத்து வளவில் குரல் கேட்டது.

"மரம் ஏறப்போறன்! பொம்புளையள் உள்ளுக்குப் போங்க!"

தேங்காய் பறிக்கிற அப்துல் ஸமட். ஏறுமுன் கூவுவது வழக்கம். மரியாதையான மனிதர், ஒவ்வொரு மரத்துக்கும் கூவினார். ஒவ்வொரு கூவலுக்கும் ஜுனைதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமி யோசித்தார். கதிரைக்கு மேலே கிடுகால் ஒரு கூரை போடச் சொன்னார்.

நான் மாமியின் வீட்டில் இருக்கும் மருமகன். போட்டேன்.

"இப்ப நிம்மதியா வெயில்ல இரி புள்ள."

"அடைக்கு வச்ச கோழி மாதிரி இரிக்கன் உம்மா!"

வந்த பெண்களிடமெல்லாம், மகள் தினமும் வெயில் காய்கிறாள் என்று மாமி பெருமையடித்தார். டொக்டரிடமும் அப்படியே சொல்லச் சொன்னார். ஜுனைதா வெளுத்துக்கொண்டே போனாள்.

கார்த்திகையில் புயல் வந்தது.

விடிந்தபோது தெருவில் ஒரு வேலியும் நிற்கவில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. கூரைகள் போன இடம் தெரியவில்லை. கடல் வரை வெறும் வெளி, அதன் மேல் கழுவித் துடைத்த வெயில்.

மாமியை இடிந்த சுவருக்கு அடியிலிருந்து எடுத்தோம்.

அடக்குமுன் மையித்தைக் குளிப்பாட்ட மறைப்பு வேண்டும். தேடிப் பார்த்தோம், ஒரு முழுக் கிடுகு அகப்படவில்லை. பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றார்கள்.

ஒரு மூலைக்கு ஆள் காணாமல் இருந்தது.

"நான் புடிக்கன்."

எட்டு மாத வயிற்றோடு ஜுனைதா எழும்பிப் போனாள். இரண்டு கைகளையும் உயர்த்திச் சேலையைப் பிடித்தாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது, அதை இழுத்துவிட அவளுக்குக் கை இல்லை.

ஆண்கள் நாங்கள் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திரும்புமுன் பார்த்தேன்.

உம்மாவை மறைத்துக்கொண்டு அவள் முழு வெயிலில் நின்றாள்.