மஞ்சள் குடை

"மழையும் இல்ல, வெயிலும் இல்ல. எதுக்குய்யா தினம் குடையோட வந்து நிக்கிறே? மேல அந்தக் கண்ணாடிக் குளம் உடைஞ்சா நனையாம இருக்கவா?"

ஜூஸ் கடைக்காரர் கேட்டதும் நடைபாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குடைக்காரர் சிரிக்கவில்லை. மஞ்சள் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

எதிரே புதுக் கட்டடம். அதன் மொட்டைமாடி நீச்சல் குளத்தில் பாதி தெருவுக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய பகுதிக்கு அடியும் கண்ணாடிதான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், சிவப்பு உடையில் ஒருத்தி குப்புற நீந்துவது தெரிந்தது.

"சூப்பர்! வானத்துலயே நீந்துற மாதிரி இருக்கு," என்று போனில் படம் எடுத்தாள் ஒரு மாணவி.

"எல்லாம் பணக் கொழுப்பும்மா," என்றார் டாக்ஸி டிரைவர். "எங்க வீட்டுக் குழாயில காத்துதான் வருது. கொடுத்து வச்ச மகராசி, நம்ம தலைக்கு மேல கும்மாளம் போடுறா."

குடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. பார்வையை மட்டும் அவர் இறக்கவில்லை.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பொம்பளை குளிக்கிறதை இப்படியா வெறிச்சுப் பார்ப்பே? நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா? உன்னால கடைக்குப் பொண்ணுங்களே வர்றதில்ல. கிளம்பு!"

"அஞ்சு நிமிஷம்ணே. அவ கரையேறினதும் போயிடறேன்."

"நேரம் காலமெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கான் பாரு!"

குடையை வெடுக்கென்று பிடுங்கி மடக்கினார் கடைக்காரர்.

மேலே, கண்ணாடியின் நடுவில் அவள் சட்டென்று நின்றாள். கைகால்கள் தாறுமாறாக அடித்துக்கொண்டன.

"ஐயோ, மூழ்குறா!" மாணவி அலறினாள்.

குடைக்காரர் பாய்ந்து குடையைப் பறித்தார். நடுரோட்டுக்கு ஓடி அதை விரித்துத் தூக்கிப் பிடித்தார். மெல்ல மெல்ல மேலே துடிப்பு அடங்கியது. அவள் தட்டுத்தடுமாறிக் கரையைத் தொட்டாள்.

கடைக்காரர் நடுரோட்டுக்கே ஓடி வந்தார். "யாருய்யா அவ?"

"என் பொண்டாட்டிண்ணே. குடியிருக்கிறவங்க ஒருத்தரும் பயத்துல அந்தக் கண்ணாடிப் பக்கம் வர மாட்டேங்கிறாங்கன்னு, வீடு பார்க்க வர்றவங்களுக்கு நீந்திக் காட்ட இவளைச் சம்பளத்துக்கு வெச்சிருக்காங்க. தண்ணியில அவ மீன்தான், உசரம்னா மட்டும் உயிரே போயிடும். கீழ இந்தக் குடை தெரிஞ்சாத்தான் அடுத்த கையை வீசுவா... நாளைக்கு நான் எங்க நிக்கட்டும், நீங்களே சொல்லுங்க."