கேள்வி நேரத்தில் நகல்

உறுப்பினர்களுக்குப் பதில் அவர்களுடைய செயற்கை நுண்ணறிவு நகல்களே பேரவையில் பேசலாம் என்று ஆனபிறகு, எம்.எல்.ஏ. இசக்கிராஜா வீட்டு சோபாவில் உட்கார்ந்து தன்னையே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசினால் முதல்வரைப் புகழ்ந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவர் முகத்தோடும் குரலோடும் எழுந்த நகல் நேராக விஷயத்துக்கு வந்தது.

"விசைத்தறிப் பெண்களுக்குப் பிரசவ உதவித்தொகையை நிறுத்தியது ஏன்?"

தொழிலாளர் அமைச்சர் தண்ணீர் குடித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேசையைத் தட்டினார்கள். இசக்கிராஜாவுக்கு இதுவரை ஒருவரும் அப்படித் தட்டியதில்லை. வயிறு எரிந்தது.

"இந்த விஷயம் அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மனைவி செண்பகத்திடம்.

"நான்தான் சொன்னேன். தினமும் போன் பண்ணி, தொகுதியில என்ன பிரச்சினைன்னு கேக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீங்கதான் தலையக்கூட நிமிர்த்தல."

கேள்வி நேரம் முடிந்ததும் செண்பகத்தின் போன் அடித்தது. அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு எடுத்தாள். போனுக்குள்ளிருந்து இசக்கிராஜாவின் குரல் அவர் காதிலும் விழுந்தது.

"சரியாக் கேட்டேனா செண்பகம்? நீ சாப்பிட்டியா?"

செண்பகம் சிரித்தபடியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.