பதினொன்றாம் எண் மரம்

மதிப்பீட்டாளர் கட்டைவிரல் நகத்தை மரத்தின் மேல் வைத்தார்.

கீறவில்லை.

முதலில் பட்டையைத் தடவிப் பார்த்தார். வெள்ளைப் பெயின்டில் பதினொன்று என்று எழுதியிருந்தது. அருகில் நின்ற தளப் பொறியாளர், அவள் எழுதியதுதான்.

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு அறுபது புள்ளி வந்தால் தங்கம். ஐம்பத்தொன்பது என்றால் வெள்ளி. காலையிலிருந்து அவர் குழாய், ஜன்னல் கண்ணாடி, கூரைத் தகடு எல்லாவற்றையும் அளந்து முடித்திருந்தார்.

ஐம்பத்தொன்பது வந்துவிட்டது.

மனையில் முன்பே நின்ற பதினோரு மரங்களும் உயிரோடு இருந்தால் மீதி ஒரு புள்ளியும் வரும்.

பத்து தழைத்து நின்றன.

இது வாகை. ஓர் இலை இல்லை. போன வருஷத்துக் காய்கள் மட்டும் காற்றில் கலகலத்தன.

"இலை உதிர்க்கிற சாதிங்க சார் இது," என்றார் மேலாளர் பரமானந்தம்.

"தெரியுமுங்க. எங்க தோட்டத்துல ரெண்டு நிக்குது. பங்குனி முடியப்போகுது. அதெல்லாம் துளிர் விட்டு நாளாச்சு."

மேலாளர் அவளைப் பார்த்தார். வெள்ளி வந்தால் சித்திரையோடு அவளுக்கு வேலை இல்லை. நேற்றே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

படிவம் மதிப்பீட்டாளரின் கையில் இருந்தது. மரத்துக்கு மூன்று கட்டங்கள். உயிருடன் உள்ளது. பட்டுவிட்டது. பாதிப்பில் உள்ளது.

மூன்றாவதில் குறியிட்டால் இந்த வருஷம் புள்ளி கிடையாது. சுற்றி வேலி போட்டு ஓராண்டு காக்க வேண்டும். பிறகு வந்து பார்ப்பார்கள்.

தளப் பொறியாளர் என்ற முறையில் அவள் முதல் கட்டத்தில் குறியிட்டிருந்தாள். கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். நேற்று.

தை மாதம் ஒரு நாள் கான்கிரீட் லாரி வந்தது. கொட்டி முடித்ததும் எங்கே கழுவுவது என்று ஓட்டுநர் கேட்டார். அவள் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓரமாக் கழுவிக்குங்கண்ணா."

ஓரத்தில் இருந்தது வாகை. சிமென்ட் தண்ணீர் முழுதும் அதன் வேரில் இறங்கியது.

வெள்ளையாக இறுகிப்போன மண்ணைப் பிறகு அவளே ஆள் வைத்து வெட்டி எடுத்தாள். புது மண் போட்டாள். நாற்பது நாள் தண்ணீர் விட்டாள்.

"ஏம்மா, வாகைக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

நகம் இப்போது நகர்ந்தது. பட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைப் பெயர்த்தது.

உள்ளே யாரோ ஏற்கெனவே கீறிய தடம். உயிருள்ள பட்டை உள்ளே பச்சையாக இருக்கும். இது தேங்காய் நாரின் நிறம்.

இன்னொரு சேற்றுப் பொட்டு. இன்னொரு கீறல். அதே நிறம்.

"எறும்பு மருந்துங்க சார்," என்றார் மேலாளர்.

"ஆறு இடத்துலயா?"



மதிப்பீட்டாளர் அவள் பக்கம் திரும்பினார். "வேற எங்கயாவது பாத்தீங்களாம்மா?"

அவள் கீறிப் பார்த்துச் சேறு பூசியது ஆறு இடம். ஏழாவது இடம் தென்புறம், வேருக்கு ஒரு சாண் மேலே. நேற்று மாலை கொண்டை ஊசியை அங்கே வைத்தாள். வைத்த ஊசியைக் கீறாமலே எடுத்துவிட்டாள்.

ஏழாவதும் காய்ந்திருந்தால் கையெழுத்துப் போட முடியாது. தெரியாதவரைக்கும் போடலாம்.

"இங்க பாக்கலீங்க."

"ஏன்?"

மண்டியிட்டாள். ஊசியை உருவினாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஒதுக்கவில்லை.

கீறினாள்.

நார்.

இன்னும் அழுத்தினாள். நார்.

அதற்கும் கீழே, ஒரு நெல் அளவுக்கு, பச்சை.

ஈரமாக இருந்தது.

"பச்சை சார்," என்றார் மேலாளர். "பாருங்க, பச்சை."

மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உசிரு இருக்குது," என்றார். "இருக்குதுன்னு மட்டுந்தான் சொல்லலாம்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"நீங்க போட்ட குறி அப்படியே இருக்கட்டுங்களாம்மா?"

வாசல் பக்கம் ஹாரன் கேட்டது. வண்டி நிறுத்தும் தளத்துக்கு இன்று கான்கிரீட். முதல் லோடைக் கொட்டிவிட்டு லாரி திரும்பி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"அம்மிணி, பழைய ஓரத்துலயே கழுவிக்கட்டுங்களா?"

மேலாளர் திரும்பவில்லை. மதிப்பீட்டாளரைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் விரிந்து, மெல்ல அசைந்தது.

கொஞ்சம் பொறு, இவர் போகட்டும்.

நின்றிருந்தால் தெரிந்திருக்காது. மண்டியிட்டிருந்தவளின் கண்ணுக்கு நேராக அந்தக் கை இருந்தது.

அவள் எழவில்லை.

குறியை மாற்றப் பேனாவுக்குக் கை நீட்டினாள்.