வெறும் கட்டம்

எண்டரைத் தட்டினால் கர்சர் கீழே இறங்கியது. அவளுக்கு அது வலப்பக்கம் போக வேண்டும்.

எக்செல் அமைப்புக்குள் போய் மாற்றினாள். நான்கு பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாள். படகு எண், பெயர், ஊர், கரை சேர்ந்த தேதி. நான்காவதைத் தட்டியதும் அடுத்த ஆளின் வரிக்குத் தானாகவே தாவியது.

அந்த ஒரு நிமிடம் வேறெதுவும் அவள் நினைவில் இல்லை.

புயல் கடந்து நான்காம் நாள். மீன்துறை அலுவலகத்தில் வேகமாக அடிக்கிறவள் அவள்தான்.

கையெழுத்துப் பட்டியலை ஓர் அட்டையால் மூடி, வரி வரியாக இறக்கினாள். கீழே இருக்கும் பெயர்கள் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடக் கூடாது.

திரும்பாதவர்களுக்குத் தேதி இல்லை. அங்கே எதுவும் அடிக்காமல் எண்டரை மட்டும் ஒருமுறை தட்ட வேண்டும்.

அட்டை இறங்கியது.

ததேயு.

அவள் கணவன்.

படகு எண்ணை அடித்தாள். பெயரை அடித்தாள். ஊரை அடித்தாள். தாளில் அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விரல் எண்டரின் மேல் அப்படியே நின்றது.

"எழும்பு மக்ளே. நான் அடிக்கேன்" என்றாள் பக்கத்து மேசை லீமா அக்கா.

"வேண்டாம்க்கா. ஒரு தட்டுதானே."

தட்டினாள்.

கட்டம் வெறுமையாக இருந்தது. தேதி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் முடிகிற நேரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். லீமா அக்கா எடுத்தாள். கேட்டாள். ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"வெறும் கட்டம் இருக்கப்பிடாதாம். 'காணவில்லை'ன்னு போடணுமாம்."

இப்போது தேதிப் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழே இறங்கவேண்டும். எண்டரைப் பழையபடி மாற்றப் போனாள். இரண்டு முறை தவறான இடத்தில் தட்டினாள்.

தேதி இருந்தால் தட்டித் தாண்டினாள். இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் தெரிந்த ஒரு வீட்டின் வாசல் கண்ணுக்குள் வந்தது.

ததேயுவின் வரிக்குக் கர்சர் வந்தது.

வெறும் கட்டத்தில் நின்றது.

லீமா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் எண்டரைத் தட்டினாள். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கியது.

பிறகு கடற்கரையில் ஊரார் நட்ட நினைவுக்கல்லில் இருபது பெயர்கள்.

அலுவலகக் கோப்பில் காணாமல் போனவர்கள் இன்றைக்கும் பத்தொன்பது பேர்தான்.